ஒன்றாம் எண் கட்டு

ஜூலை 3, வியாழன்

பேச்சித்தாயை நான் வேலையை விட்டு அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். இன்று மீன் வாங்கப் போன இடத்தில்கூடப் பக்கத்துத் தெரு ஜெனோவா என்னை நிறுத்தி, "ஒரு பாவப்பட்ட பொம்பளைய வெளிய அனுப்பிட்டியளாமே ஆன்ட்டி?" என்று கேட்டாள். கையில் சீலா மீனைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது?

அவர்கள் சொல்வது சரியல்ல. நான் யாரையும் அனுப்பவில்லை. அனுப்பும் அதிகாரம் எனக்குக் கிடையாது. குறிப்பேட்டில் என் கருத்தை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். நடந்ததை முறையாக இங்கே எழுதிவைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

யூஜின் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் மாதா கோவில் பங்கைச் சேர்ந்தவர். கோவில் தெருவில் ஒரு பழைய கூடத்தை எடுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கான எலெக்ட்ரானிக்ஸ் கிட் தயாரிக்கிறார். இப்போது ஓடிக்கொண்டிருப்பது 'தொட்டி மணி'. வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மணி அடிக்கும். பெட்டிக்குள் இருக்கும் பாகங்களைப் பிள்ளைகளே சேர்த்துச் செய்ய வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வேலை இல்லை. ஒயரின் நுனியைத் துளைக்குள் விட்டு ஸ்க்ரூவைத் திருகினால் போதும்.

அந்த ஒயரை அளந்து வெட்டி, இரண்டு நுனியிலும் தோலைச் சீவி, உள்ளே முடிபோல இருக்கும் பதினான்கு செம்பு இழைகளையும் ஒன்றாக முறுக்கி, இருபது ஒயரை ஒரு கட்டாகக் கட்டுவது எங்கள் வேலை. ஒரு பெட்டிக்கு ஒரு கட்டு. நாங்கள் என்றால் மூன்று பேர். நான், செண்பகா, பேச்சித்தாய்.

ஜூன் மாதம் ஒரு பள்ளிக்குப் போன நாற்பது பெட்டிகளில் ஒன்பது திரும்பி வந்தன. இழைகள் விரிந்து, ஒன்றிரண்டு பக்கத்து ஸ்க்ரூவைத் தொட்டு, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லாதபோதே மணி அடித்திருக்கிறது. யார் முறுக்கியவை என்று தெரியவில்லை. எல்லாக் கட்டும் ஒரே கூடையில் விழுவது வழக்கம். மூவரில் வேலை சுத்தம் பார்ப்பவள் நான் என்பதால் யூஜின் என்னிடம் குறிப்பேட்டை நீட்டினார்.

நான் எழுதியது இது: "இழைகள் சரியாக முறுக்கப்படவில்லை. பல வருடம் உப்பில் வேலை செய்து வெடித்த விரல்களால் இதைவிட நேர்த்தியாகச் செய்ய இயலாது. பேச்சித்தாயை வேறு வேலைக்கு மாற்றுவது நல்லது."

கடுமையான சொல் ஒன்றாவது இருக்கிறதா? இல்லை.

இங்கே வேறு வேலை எதுவும் கிடையாது என்று உங்களுக்குத் தெரியாதா ஆன்ட்டி என்று செண்பகா கேட்டாள். தெரியும். ஆனால் என்னிடம் கேட்கப்பட்டது அதுவல்ல.

ஜூலை 4, வெள்ளி

இனி இப்படிக் குழப்பம் வரக் கூடாது என்று யூஜினிடம் ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொரு கட்டோடும் முறுக்கியவரின் எண்ணை எழுதி ஒரு சிறு சீட்டு வைக்க வேண்டும். நான் ஒன்று, செண்பகா இரண்டு. பெட்டி திரும்பி வந்தால் யாருடையது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"நீங்க சொன்னாச் சரிதான் ஆன்ட்டி" என்றார் யூஜின்.

செண்பகா மட்டும், "கம்பிக்குப் பேரு வைக்கிறதுன்னு ஆகிப்போச்சு. அப்படியே சாமியாரக் கூப்பிட்டு ஞானஸ்நானமும் குடுத்துருவோம்" என்றாள். அவளுக்கு எதுவும் விளையாட்டு.

ஒழுங்கு என்பதைக் கான்வென்டில் கற்றேன். மதர் செராஃபின் நோட்டின் ஓரக்கோடு ஒரு நூலளவு வளைந்தாலும் பக்கத்தைக் கிழித்துவிடுவார். நான்காம் வகுப்பில் எழுத்துப் பாடத்தின்போது நீல ரிப்பன் அணிந்த ஒரே மாணவி நான்.

ஜூலை 7, திங்கள்

செண்பகா பேச்சித்தாயின் நாற்காலிக்கு மாறிவிட்டாள். அங்கேதான் காற்று வருகிறதாம். அது எனக்கு இடப்பக்கம்.

காலை முழுவதும், "ஆன்ட்டி, உங்க முழங்கை என் விலாவுல குத்துது" என்று நான்கு தடவை சொல்லிவிட்டாள். அவள் உட்காரும் விதம் அப்படி, பரந்து உட்காருகிறாள். பேச்சித்தாய் அந்த இடத்தில் ஐந்து மாதம் இருந்தாள், ஒருநாளும் இடித்தது கிடையாது.

ஜூலை 8, செவ்வாய்

என் கத்தரிக்கோலைச் செண்பகா கேட்காமல் எடுத்துவிட்டாள். ஒயரை வெட்டவும் முடியவில்லை அவளால். "என்ன கத்திரி இது, மடங்கிப் போகுதே தவிர வெட்ட மாட்டேங்குது. இத வச்சா இத்தனை கட்டுப் போடுதிய?" என்றாள். வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டேன். அது என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரரிடம் சொல்லி எனக்காக வரவழைத்தது. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. அதைப் பிறர் தொடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

நாற்பது பெட்டிகள் போயின. என் கட்டு இருபத்தொன்று, செண்பகாவுடையது பத்தொன்பது.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டாம் பூசைக்குப் போனேன். வந்து கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன், மூன்று முறை எண் அழுத்திய பிறகுதான் ஏற்றுக்கொண்டது. தோகாவிலிருந்து மகன் பேசினான். "இந்த வயசுல ஒயர் முறுக்கி என்னம்மா ஆகணும்?" என்றான். எழுபத்திரண்டு வயதில் ஒரு புது வேலையைக் கற்று, அதில் எல்லோரையும்விடச் சுத்தமாகச் செய்கிறேன், அது ஆகட்டும் என்றேன்.

பேச்சித்தாய் உப்பளத்துக்கே திரும்பிவிட்டாளாம். ஜெனோவா சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். வெள்ளை வெயிலில் நின்று நின்று கண்ணில் நீர் வடிகிறது, உப்பளம் கூடாது என்று கண் டாக்டர் சொல்லித்தான் பிப்ரவரியில் இங்கே வந்தாள்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

ஜூலை 17, வியாழன்

பதினேழு பெட்டிகள் திரும்பி வந்தன.

ஆசிரியர் கடிதத்தோடு ஒரு பிள்ளையின் தாளும் இருந்தது. "தொட்டி காலியா இருக்கு. மணி நிக்காம அடிக்குது. தொட்டி ரொம்பிருச்சுன்னு எங்க அம்மா மோட்டாரை நிறுத்திட்டாங்க. நாங்க யாரும் குளிக்கல. மணியை மாத்தித் தரவும். இப்படிக்கு இ. மகிழ்மாறன், ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு."

செண்பகா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பேச்சி போன பிறகு செஞ்ச சரக்குல்லா இது?" என்றாள்.

யூஜின் பார்சலை அப்படியே என்னிடம் தள்ளினார். "நீங்களே பாத்துச் சொல்லிருங்க ஆன்ட்டி. சீட்டுதான் இருக்கே." வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தேன்.

பெட்டிகளில் சீட்டு எதுவும் இல்லை. வழியில் விழுந்திருக்கும்.

ஜூலை 18, வெள்ளி

நேற்றுக் கடைசியில் எழுதியது பொய். இந்த நோட்டில் பொய் எழுதுவது இதுவே முதல் தடவை. அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

சீட்டுகள் இருந்தன. பதினேழு பெட்டி, பதினேழு சீட்டு. எல்லாவற்றிலும் எண் ஒன்று. உச்சியில் சிறு கொக்கி, அடியில் நேர்க்கோடு. மதர் செராஃபின் எழுதக் கற்றுத்தந்த அதே ஒன்று.

இப்போது அவை என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கின்றன. யூஜினிடம் சீட்டுகள் வழியில் விழுந்துவிட்டதாகச் சொன்னேன். அவர் நம்பினார். நான் சொன்னால் எல்லோரும் நம்புகிறார்கள்.

ஜூலை 19, சனி

ஒயர் ரோல் மட்டமானதாக இருக்க வேண்டும். கம்பெனிகள் இப்போது செம்பில் எதை எதையோ கலக்கின்றன.

செண்பகாவும் அதே ரோலில்தான் வெட்டினாள்.

ஜூலை 21, திங்கள்

இன்று கூடத்தில் இழுப்பறையில் ரப்பர் பேண்டு தேடியபோது உள்மூலையில் ஒரு கட்டு கிடைத்தது. ரப்பர் பேண்டு போடாமல் வெள்ளை நூலால் சுற்றி, உப்புச் சாக்கைக் கட்டுகிற முடிச்சுப் போட்டிருந்தது. பேச்சித்தாயின் கட்டு. ரப்பர் பேண்டு வெயிலுக்கு இளகி ஒட்டிக்கொள்ளும் என்று அவள் நூலால்தான் கட்டுவாள். ஜூன் மாதத்தில் செய்தது. கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சாப்பாடு முடிந்து ஜன்னலோரம் உட்கார்ந்து அவருடைய பூதக்கண்ணாடியை எடுத்தேன். இருபது ஒயர், நாற்பது நுனி. நாற்பதும் ஊசிபோல இறுகியிருந்தன. ஒரு இழைகூட வெளியே நீட்டவில்லை. திரும்பி வந்த என் கட்டுகளில் ஒன்றைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன். துடைப்பக் குச்சிபோல இருந்தது.

நான் தளர்வாக முறுக்கவில்லை. விரல் நுனி சிவக்கும்வரை முறுக்குகிறேன். முறுக்கிய அன்றைக்கு என்னுடையவையும் ஊசிபோலத்தான் இருக்கும்.

மறுபடியும் பார்த்தேன். பேச்சித்தாயின் நுனியில் முறுக்குக் கோடுகள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. என்னுடையதில் எதிர்ப்பக்கமாகச் சாய்கின்றன. பிறகு ஒரு புது ஒயரை எடுத்துத் தோலை மட்டும் சீவி, முறுக்காமல் பார்த்தேன். இழைகள் நேராக இல்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே லேசாக ஒரு பக்கம் சுற்றித்தான் வருகின்றன. பேச்சித்தாயின் பக்கம்.

அதே பக்கம் முறுக்கினால் இருக்கிற சுற்று இன்னும் இறுகும். எதிர்ப்பக்கம் முறுக்கினால் முதலில் அந்தச் சுற்று பிரியும், அதன்மேல் நாம் ஒன்றைச் சுற்றுகிறோம். கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஒரு வாரம், ஒரு லாரிப் பயணம், அதற்குள் விரிந்துவிடும்.

பூனைக்கு மீன் தலை போட மறந்துவிட்டேன். கதவைப் பிறாண்டிக் கேட்டது.

ஜூலை 22, செவ்வாய்

செண்பகாவின் கையைக் கவனித்தேன். இடக்கையில் ஒயர், வலக்கைக் கட்டைவிரல் முன்னால் உருட்டித் தள்ளுகிறது. என் கையையும் கவனித்தேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே எதிராக இருந்தது. ஒயர் வலக்கையில். உருட்டுவது இடக்கை.

நீல ரிப்பனைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். படிப்பவர்கள் அதைப் பரிசு என்று நினைக்கக்கூடும். அவ்வாறு நினைக்கும்படிதான் அறுபது வருடமாகச் சொல்லிவருகிறேன். அது பரிசு அல்ல. எழுத்துப் பாடத்தின்போது மதர் செராஃபின் என் இடது மணிக்கட்டை அந்த ரிப்பனால் பெஞ்சின் குறுக்குச் சட்டத்தோடு கட்டிவைப்பார். ஒரு வருடம். ஐந்தாம் வகுப்பில் ரிப்பன் தேவைப்படவில்லை.

பேனா, ஊசி, கரண்டி, சிலுவை அடையாளம் எல்லாம் வலக்கைக்கு வந்துவிட்டன. திருமணத்துக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மீன் கழுவும்போது மட்டும் இடக்கை வரும். அவர் ஒருநாள் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து அந்தக் கத்தரிக்கோல் வந்தது. இடக்கைக்காரர்களுக்கென்று செய்தது.

ஒயர் முறுக்க எனக்கு எந்த மதரும் கற்றுத்தரவில்லை. எனவே கை தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

ஜூலை 24, வியாழன்

கவனிக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறேன். அதையும் திருத்த வேண்டும்.

மே மாதக் கடைசியில் ஒருநாள், செண்பகா டீ வாங்கப் போயிருந்தாள். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். பேச்சித்தாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா, அந்தப் பக்கம் முறுக்கினா பிரிஞ்சிரும்மா. சாக்குத் தைக்கிற சணல் மாதிரிதான இதுவும். அது போற பக்கம் போனாத்தான் இறுகும். கையெல்லாம் மாத்தாண்டாம். கட்டைவிரலத் தள்ளாம, உங்க பக்கமா இழுத்துப் பாருங்க."

நான் என்ன சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. "எனக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு நீ வந்துவிட்டாயா?" என்றேன். அவள், "இல்லம்மா, தெரிஞ்சதச் சொன்னேன்" என்று தன் ஒயரைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். முழங்கையை உடம்போடு ஒடுக்கிக்கொண்டாள். எனக்கு இடம் விட்டு அப்படித்தான் எப்போதும் உட்கார்ந்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் முறுக்கு பற்றிச் சொன்னது என் காதில் விழவில்லை. என் இடக்கையை ஒருத்தி பார்த்துவிட்டாள் என்பதுதான் விழுந்தது.

அதற்கு ஐந்து வாரம் கழித்துக் குறிப்பேடு என் கைக்கு வந்தது. அன்று அந்த ஒன்பது கட்டுகளைப் பார்த்து எழுதினேனா, மே மாதத்தை நினைத்து எழுதினேனா? எழுதியபோது என்னை இப்படிக் கேட்டிருந்தால் கோபித்திருப்பேன். இன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கொடியேற்றம். ஊரே கோவிலில். கூட்டத்தில் யாரோ காலை மிதித்துவிட்டார்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஆறு பேர் இருந்தபோது வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொன்னால் மன்னிப்பு உண்டு, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார், எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் காரியம் முடிந்துவிடும். பேச்சித்தாய் அப்போதும் உப்பளத்தில்தான் நிற்பாள். முதலில் செய்ய வேண்டியது வேறு.

ஜூலை 28, திங்கள்

ஆட்டோ பிடித்து உப்பளத்துக்குப் போனேன். ஐம்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், பாத்திக்குள் கால் வைத்தது இன்றுதான். இறங்கியதும் கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. தரையெல்லாம் வெள்ளை. குடையை விரித்தாலும் வெளிச்சம் கீழிருந்து வருகிறது.

பேச்சித்தாய் தலையில் துண்டைக் கட்டி, உப்பைப் பலகையால் இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இந்த வெயிலுக்குள்ள எதுக்கும்மா வந்திய? மயக்கம் போட்டு விழுந்தா யாரு தூக்க?"

"கூடத்துக்கு வா. உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது" என்றேன். செண்பகா உட்கார்ந்திருக்கிறாள் என்பதைச் சொல்லவில்லை.

"யாரு கூப்புடுதா? யூஜின் சாரா?"

"நான் கூப்பிடுகிறேன்."

சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு, ஆனால் எனக்குச் சாதகமான சிரிப்பும் இல்லை.

"போகச் சொன்னப்ப எழுதிச் சொன்னிய. நான் எட்டாப்பு வரை படிச்சவம்மா. சார் நோட்ட நீட்டி, வாசிச்சிட்டேன்னு கையெழுத்துப் போடச் சொன்னாரு. வாசிச்சேன். முத்து முத்தா அழகா எழுதியிருந்திய. வெடிச்ச விரல்னு." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "வெடிப்பு இருக்கத்தான் செய்யுது. அதுக்காக என் கம்பி எதும்மா விரிஞ்சிச்சு?"

நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். பதினேழு சீட்டும் கைப்பைக்குள் இருந்தன, அதற்காகத்தான் எடுத்துப் போயிருந்தேன். பக்கத்துப் பாத்தியில் நான்கு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வருகிறாயா, இல்லையா?" என்று மட்டும் கேட்டேன்.

"இப்ப வாயால கூப்புடுவிய. நாளைக்கு எவன் வீட்டு மணியாவது அடிச்சா திரும்ப நோட்ட எடுத்து எழுதுவிய. எழுதினது எழுத்தாத்தானம்மா கிடக்கு? நான் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் செண்பகா மூலமாச் சொல்லி விடுதேன். நீங்க போங்க, முகமெல்லாம் செவந்து போச்சு."

தன் தண்ணீர்ப் பாட்டிலை எனக்குக் கொடுத்தார். குடித்தேன். வெந்நீராக இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

கால் வலி என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. கால் வலிக்கவில்லை.

ஜூலை 30, புதன்

செண்பகா வந்தவுடனே சொன்னாள்: "பேச்சி யோசிச்சுச் சொல்லுதாளாம். அவ வீட்டுக்காரரு வேண்டாங்காரு. மறுபடியும் பேச்சு வாங்கணுமான்னு."

யூஜினிடம் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன். பதினேழு சீட்டையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். அவர் பார்த்தார்.

"ஆன்ட்டி, இதப் பெருசு பண்ணாண்டாம். ஒயர் ரோல் சரியில்லன்னு எழுதிருவோம். யார் மனசும் நோகாது. பேச்சித்தாயையும் கூப்புட்டுக்கிடலாம்."

நல்ல மனிதர். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டிருப்பேன்.

"'வெடித்த விரல்' என்று எழுதியது ஒயர் ரோல் இல்லை யூஜின்" என்றேன்.

பிறகு ஒரு புது ஒயரைச் சீவி, இருவர் முன்னாலும் முறுக்கிக் காட்டினேன். வழக்கமாகச் செய்வதுபோல. செண்பகா குனிந்து பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"அடியாத்தீ! ஆன்ட்டி பீச்சாங்கையா!"

எட்டு வயதிலிருந்து எந்தச் சொல்லுக்குப் பயந்தேனோ அந்தச் சொல். கூடம் முழுக்கக் கேட்டது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "அதான் என் விலா எலும்பு இந்தப் பாடுபட்டிச்சு. சொல்லியிருந்தா இடம் மாறி உக்காந்திருப்பேன்லா?" என்று சொல்லிவிட்டு அவள் டீக்குப் போய்விட்டாள். எனக்கு அரைச் சர்க்கரை என்று ஞாபகமாகச் சொல்லி வாங்கியும் வந்தாள்.

ஜூன் 30 பக்கத்தைத் திறந்து, என் பழைய குறிப்பின் கீழேயே எழுதினேன்: "மேலே உள்ள கருத்து தவறு. திரும்பி வந்த கட்டுகள் என்னுடையவை. ஒயரின் சுற்றுக்கு எதிர்ப்பக்கமாக முறுக்கியிருக்கிறேன். இதைப் பேச்சித்தாய் மே மாதமே என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. அவருடைய வேலையில் குறை எதுவும் இல்லை. டெல்பின் மோத்தா." யூஜினையும் செண்பகாவையும் வாசித்துவிட்டதாகக் கையெழுத்துப் போடச் சொன்னேன். முறை அதுதான்.

மாலையில் கட்டைவிரலை என் பக்கமாக இழுத்து முறுக்கிப் பார்த்தேன். முதல் பத்து ஒயர் கோணலாக வந்தது. பதினோராவது இறுகியது.

ஜூலை 31, வியாழன்

செண்பகாவிடம் கொடுத்துவிட்ட கடிதம். நகல் எடுத்து வைக்கிறேன்.

திருமதி பேச்சித்தாய் அவர்களுக்கு,

திங்கட்கிழமை நான் வந்தபோது சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. வெயில் காரணம் அல்ல. பிறர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் சொல்லவில்லை.

திரும்பி வந்த பதினேழு பெட்டியும் என் கட்டுகள். ஜூன் மாதத்து ஒன்பதும் என்னுடையவையாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் கட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, இன்றுவரை ஒரு இழைகூட விரியவில்லை. நீங்கள் மே மாதம் எனக்குச் சொன்னது சரி. அதற்கு நான் சொன்ன பதில் தவறு.

உங்களை நான் அனுப்பவில்லை என்று ஊரில் சொல்லிவந்தேன். அனுப்பியது நான்தான். ஜெனோவாவிடமும் நேற்று இதைச் சொல்லிவிட்டேன்.

குறிப்பேட்டில் நீங்கள் வாசித்த அதே பக்கத்தில் என் தவறை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். யூஜினும் செண்பகாவும் அதன் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள். பழைய வரிகளை நான் அடிக்கவில்லை. நீங்கள் வந்து வாசித்து, அடிக்க வேண்டும் என்று நினைத்தால் உங்கள் கையால் அடித்துவிடுங்கள்.

செண்பகா உங்கள் நாற்காலியை விட்டுவிட்டாள். நான் மேசையின் இடது ஓரத்துக்கு மாறிவிட்டேன், இனி என் முழங்கை யாரையும் இடிக்காது. நீங்கள் வந்தால் என் கட்டுகளை நீங்கள் பார்த்த பிறகே பெட்டிக்குள் வைப்போம் என்று யூஜினிடம் சொல்லியிருக்கிறேன். ஒத்துக்கொண்டார். நீங்கள் வராவிட்டாலும் குறிப்பேட்டில் எழுதியது எழுதியதுதான். அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தக் கடிதத்தை வாசிக்கக் கொடுங்கள்.

வருகிறீர்களா, இல்லையா என்பதை எழுதி அனுப்புங்கள். ஒரு வரி போதும். யாரிடமாவது வாயால் சொல்லியனுப்பினால் அதை நான் எனக்கு வசதியானபடி கேட்டுக்கொள்வேன். அதனால் எனக்கு உங்கள் பதில் எழுத்தில் வேண்டும்.

டெல்பின் மோத்தா